ஐந்து வருட நீட்டிப்பு

கருங்கல் சந்தை வரை ஒன்றும் இல்லை.
அதற்கப்புறம் இடப்பக்க வளைவில்
டொக்.
வலப்பக்க வளைவில், சற்று யோசித்து,
டொக்.
நம்ம மாவட்டத்தில் நேரான சாலை ஏது,
மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறுவதற்குள்
பதினேழு எண்ணிவிட்டேன்.

பாட்டை அணைத்தேன்.
கண்ணாடியை ஏற்றினேன்.
பின்சீட்டில், ஐஸ் பெட்டிக்குள்,
குறும்பனை, வாணியக்குடிக்காரர்களின் ரத்தம்
இருபத்திரண்டு குழாய்களில்
சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

டொக் என்றால் என்ன விலை?
ஷாக் அப்சார்பர் என்றால் ஜோடி மூவாயிரத்து இருநூறு.
லோயர் ஆர்ம் என்றால் அதில் பாதி.
ஸ்டியரிங் ராக் என்றால்...
அந்த வார்த்தையை நான் வண்டிக்குள் சொல்வதில்லை.

2009 ஆல்ட்டோ. நிறம் வெள்ளி
என்று ஆர்சி புத்தகம் சொல்கிறது.
கதவின் அடியைக் கடல்காற்று
கருவாட்டு ஓரம் போலக் கடித்து வைத்திருக்கிறது.
போன வருடம் பசுமை வரி கட்டி,
துருவுக்கு மேல் பெயின்ட் பூசி
ஆர்டிஓ ஆபீசில் நிறுத்தினேன்.
இன்னும் ஐந்து வருடம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
சீல் குத்தியவர் முகத்தில்
ஒரு சங்கடமும் இல்லை.
எனக்கே யாரும் அப்படி எழுதித் தந்ததில்லை.

மருந்துக் கம்பெனி டைரியில்
ஜனவரி முழுக்க வண்டிக்கு.
கிளட்ச் பிளேட்: வரும்.
பேட்டரி: கிறிஸ்மஸ் தாண்டாது.
முன் டயர் இரண்டு: மழைக்கு முன்.
ரேடியேட்டர்: கேள்விக்குறி.
ஒருநாள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன்,
வண்டியை விற்றாலும் அவ்வளவு வராது.
கூட்டலை அடித்துவிட்டேன்.
தனித்தனியாக என்றால் தாங்கலாம்.

லேபில் வின்சிலா சொல்கிறாள்,
சீட்டை எடுத்துப் புதுசுக்கு முன்பணம் கட்டு,
எத்தனை நாளைக்கு இந்த எளவை உருட்டுவாய் என்று.
மாதம் ஒன்பதாயிரம், ஏழு வருடம்.
அது தேதி தெரிந்த கடன்.
எனக்குத் தேதி தெரியாததுதான் பழகியிருக்கிறது.

குழித்துறை இறக்கத்தில் தாசையனின் ஒர்க்ஷாப்.
ஜாக்கி வைத்தான். சக்கரத்தை ஆட்டினான்.
கீழே படுத்து எதையோ சுத்தியலால் தட்டி,
காது கொடுத்து, மறுபடி தட்டினான்.
பையைத் திறக்காமலேயே நான்
விரல் நுழைத்து நோட்டுகளை எண்ணினேன்.
கடைசியில் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி
உள்ளங்கையை நீட்டினான்.
ஒரு ரப்பர் விதை.
புள்ளிபுள்ளியாய், மெருகு குலையாமல்.
அருமனையில் தங்கச்சி வீட்டு மரத்தடியில்
ஆவணி வெயிலுக்குக் கண்ணாடி இறக்கி நிறுத்தினேனே,
அன்றைக்கு வெடித்து விழுந்திருக்கும்.

காசு வேண்டாம் என்றான்.
சாயா வாங்கிக் கொடுத்தேன்.
இவ்வளவு மலிவாய் ஒரு ரிப்பேர்
எனக்கு அமைந்ததே இல்லை.

டம்ளரை வைக்கும்போது, போகிற போக்கில்,
"யக்கா, டைமிங் பெல்ட் எப்ப மாத்துனிய?" என்றான்.
மாற்றிய ஞாபகம் இல்லை.
"அது சத்தம் போடாது, கேட்டியளா.
ஒருநாள் அறுந்துரும். அறுந்தா வால்வையும் கொண்டு போவும்."
எப்போ?
"நாளைக்கும் ஆவலாம். ரெண்டு வருசமும் ஓடலாம்."

ரிசல்ட் நாளைக்குத்தான் தெரியும் என்று
தினமும் இருபது பேரிடம் சொல்கிறவள் நான்.
அப்போது ஏன் அத்தனை பேரும்
என் முகத்தையே பார்க்கிறார்கள் என்று எரிச்சல்படுவேன்.
தாசையன் முகத்தைப் பார்த்தேன்.
கிரீஸ் தவிர அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ரத்தத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது
டொக் இல்லை.
வாழைத்தோப்புகளுக்கு நடுவே வண்டி
புதுசு மாதிரி ஓடியது.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
கருங்கல் வருவதற்கு முன் ஓரம் கட்டி,
பிப்ரவரி பக்கத்தைத் திறந்து எழுதினேன்:
பெல்ட், டென்ஷனர், கூலி. மூவாயிரத்து ஐநூறு.
பிறகு பர்ஸிலிருந்து விதையை எடுத்து
சீட்டுக்கு அடியில்
பழைய இடம் பார்த்து உருட்டிவிட்டேன்.

முதல் வளைவில்
டொக்.

இதன் விலை எனக்குத் தெரியும்.